தார்சு வீட்டில் விறகடுப்பு: புகையை எந்த வழியாக அனுப்புவது?

பல்லடம் பக்கம் எங்கள் தங்கச்சி வீட்டில் புது வீடு கட்டுகிறார்கள். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. போன வாரம் மாப்பிள்ளை போன் போட்டு, "மச்சான், சமையக்கட்டுக்குக் கரண்டு சிம்னி போதுமுங்களா, இல்ல கொத்தனார்கிட்டச் சொல்லிப் புகைக்கூண்டே கட்டிறலாமா? உங்க தங்கச்சி ரெண்டும் வேணுங்கறா. எங்கம்மா ரெண்டும் வேண்டாம், பொடக்காணில அடுப்புக் கூட்டிக்கறேங்கறாங்க" என்றார். பொடக்காணி என்றால் வீட்டுக் கொல்லைப்புறம். போனில் சொல்லி முடிகிற விஷயமா இது? மூன்று வருசமாகப் புகையோடு மல்லுக்கட்டி, காசையும் கரியாக்கி, ஒவ்வொரு வழியாகப் பார்த்துவிட்டு வந்தவன் நான். அதனால் எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவருக்கு எழுதுவதுதான், ஆனால் வீடு கட்டுகிற எல்லோருக்கும் ஆகும்.

எங்கள் தோட்டம் ஊதியூர் பக்கம். கொங்கணச் சித்தர் இந்த மலையில் உட்கார்ந்து நெருப்பை ஊதி ஊதிப் பொன் செய்தார், அதனால்தான் பொன்னூதி மலை என்று பேர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் அம்மாவும் நாற்பது வருசமாக ஊதாங்குழலில் ஊதிக்கொண்டுதான் இருக்கிறார், பொன் வந்ததாகத் தெரியவில்லை, கண்ணெரிச்சல்தான் வந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புகைப் பிரச்சினை ஓட்டு வீட்டில் இருந்தவரை யாருக்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை. நாட்டு ஓட்டில் ஆயிரம் சந்து, புகை தன்பாட்டுக்குக் கசிந்து போய்விடும். போகிற வழியில் பனஞ்சட்டத்தில் பூச்சி விழாமல் பார்த்துக்கொள்ளும், அட்டாலிக்குக் கீழே கட்டித் தொங்கவிட்ட விதைச் சோளக்கதிரில் வண்டு அண்டாது. அதற்காக அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கடைசி பத்து வருசம் இருமிக்கொண்டேதான் இருந்தார், பீடி சுருட்டு எதையும் கையால் தொடாதவர். வீட்டுக்குள் விறகு, சாணி, கரி எரித்து வருகிற புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அம்மிச்சியின் இருமலை நாங்கள் "வயசாச்சு" என்ற கணக்கில் எழுதிவிட்டோம்.

ஓட்டைப் பிரித்துவிட்டுத் தார்சு, அதாவது கான்கிரீட் கூரை, போட்டதும் அந்த ஆயிரம் சந்தும் ஒரே நாளில் அடைபட்டுவிட்டது. அடுப்பு அதே அடுப்பு, விறகு அதே விறகு. ஒரு மார்கழி தாண்டுவதற்குள் வெள்ளையடித்த சுவர் கழுத்து உயரத்துக்கு மேல் கறுத்துப்போனது. கீழே வெள்ளை, மேலே கருப்பு, நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. புகை அதுவரை இறங்கி நின்றிருக்கிறது, அம்மா அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்படியானால் விறகையே விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கேஸ் இருக்கிறது, மூன்று வேளைச் சமையலும் பெரும்பாலும் அதில்தான். ஆனால் காலையில் ஆறு பேர் குளிக்கச் சுடுதண்ணி, ஞாயிற்றுக்கிழமைக் கறி, நோம்பிக்கு ஒப்புட்டுக்குப் பருப்பு வேகவைப்பது, சந்தகைக்கு மாவு அவிப்பது, இதற்கெல்லாம் 14.2 கிலோ சிலிண்டரைத் திறந்துவிட எங்கள் அம்மாவுக்கு மனசு வராது. தோப்பில் மட்டையும் பாளையும் தேங்காய்த் தொட்டியும் சும்மா விழுந்து கிடக்கும்போது வரவும் கூடாது என்றே எனக்கும் படுகிறது. சாண எரிவாயுவுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு குடும்பத்துக்குப் போதுமான 2 கனமீட்டர் கலத்துக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும், மாட்டுக்குப் பத்து கிலோ என்றால் ஐந்து மாடு. எங்களிடம் மாடு இருக்கிறது, ஆனால் காங்கேயம் மாடு பகலெல்லாம் கொறங்காட்டில் மேய்கிறது, சாணத்தில் பாதி அங்கேயே விழுந்துவிடுகிறது. கொட்டிலில் கட்டிப் போட்டுக் கலப்பின மாடு வளர்க்கிறவர்களுக்கு இது அருமையான வழி, எங்களுக்கு ஒத்துவரவில்லை. சுடுதண்ணிக்குச் சோலார் வைக்கலாம். எங்கள் போர்த் தண்ணி உப்பு, மூன்று வருசத்தில் உள்ளே சுண்ணாம்பு கட்டிக்கொள்கிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். ஆற்றுத் தண்ணி வருகிற ஊர்க்காரர்கள் யோசிக்காமல் சோலார் போட்டுவிடுங்கள், அதோடு புகையில் பாதி ஒழிந்தது.

சரி, விறகு இருக்கத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

முதலில் போனது எக்ஸாஸ்ட் ஃபேன். எல்லோரும் முதலில் இதற்குத்தான் போவார்கள், விலை குறைவு, ஒரு ஓட்டை போட்டால் முடிந்தது. தாளிப்புக் காரத்துக்கும் வெக்கைக்கும் இது தேவலாம். விறகுப் புகைக்கு ஆகாது, ஏனென்றால் புகை முதலில் அறை முழுக்கப் பரவிய பிறகுதான் ஃபேன் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறது, அதற்குள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் வேண்டிய அளவு குடித்துவிட்டிருப்பார். ஒரு மாசத்தில் இறக்கையில் பிசுக்கும் கரியும் சேர்ந்து தார் மாதிரி அப்பிக்கொண்டது, சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்து கரண்டு சிம்னி. இதில் நான் ஏமாந்தேன், அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. கடையில் போய் "விறகடுப்பும் இருக்குதுங்க" என்று சொல்லித்தான் கேட்டேன். "எல்லாத்தையும் இழுத்துருமுங்க, 1200 பவரு" என்று சொல்லி விற்றுவிட்டார்கள். மாட்டவந்த பையன் வெளிக்குழாயை மூன்று வளைவு வளைத்து, கடைசியில் 6 அங்குலத்தை 4 அங்குலமாகக் குறுக்கிச் சுவரில் இருந்த பழைய ஓட்டைக்குள் சொருகிவிட்டுப் போனான். அந்த 1200 என்பது மணிக்கு 1200 கனமீட்டர் காற்று, அதுவும் குழாயே மாட்டாமல் மோட்டார் மட்டும் சுற்றும்போது வருகிற கணக்கு. ஒவ்வொரு வளைவுக்கும் குறையும், குறுக்கினால் இன்னும் குறையும். இது போக, அந்தச் சாதனம் விறகுக்குச் செய்ததே இல்லை. கேஸ் அடுப்பின் எண்ணெய்ப் புகையைப் பிடிப்பதற்குத்தான் அதில் வடிகட்டி. பொறி பறக்கிற விறகுத் தீக்கு மேலே எண்ணெய் ஊறிய வடிகட்டியைத் தொங்கவிடுவது, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் பந்தம் பிடிக்கிற வேலை. நல்லவேளையாக எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே பிளாஸ்டிக் மூடி ஒன்று உருகி நெளிந்ததோடு சரி. அதைக் கழற்றிக் கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டினேன், அங்கே இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது.

ஆக, கேஸ் மட்டும்தான் என்கிற வீட்டுக்கு, கோவையில் பிளாட்டில் இருப்பவர்களுக்கு, கரண்டு சிம்னியே போதும். வாங்கும்போது நான் பார்க்காமல் விட்டதை நீங்கள் பாருங்கள். வெளியே குழாய் போகிற வகையாக இருக்கட்டும். குழாய் இல்லாமல் கரி வடிகட்டி வைத்து வருவது வாடகை வீட்டுக்குத்தான் லாயக்கு, வாசத்தைக் கொஞ்சம் பிடித்துவிட்டு வெக்கையையும் ஆவியையும் திரும்ப அறைக்குள்ளேயே விடும், மூன்று நாலு மாசத்துக்கொரு தடவை கரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவே இரண்டு அடியிலிருந்து இரண்டரை அடி. வெளிக்குழாய் 6 அங்குலமாகவே கடைசி வரை போக வேண்டும், நேர் பின்சுவரில் வெளியேறினால் உத்தமம். வடிகட்டியில் வலை வகையை விடப் பட்டைப் பட்டையாகத் தகடு வைத்த வகை நம் சமையலுக்குத் தாங்கும். வலை வாரத்தில் அடைத்துக்கொள்ளும், தகட்டை இரண்டு மூன்று வாரத்துக்கொரு தடவை சுடுதண்ணியில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் போதும். அலுமினிய வலையைச் சலவைச் சோடாவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கறுத்துப்போகும். 'தானே சுத்தம் செய்துகொள்ளும்' என்று விற்பது உள்ளே சூடேற்றி எண்ணெயை உருக்கி ஒரு கிண்ணியில் வடியவிடும், அவ்வளவுதான். அந்தக் கிண்ணியை நாம்தான் கவிழ்க்க வேண்டும், வெளிக்குழாயில் படிந்த பிசுக்கை அது தொடக்கூடச் செய்யாது.

விறகுக்கு வருகிறேன். இதற்கு மூன்று வழி உண்டு: அகலமான கூண்டு கட்டி மேலே புகைபோக்கி, இரண்டு கண் வைத்த புகையில்லா அடுப்பு, இல்லாவிட்டால் அடுப்பையே வீட்டை விட்டு வெளியேற்றுவது.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சூடான புகை லேசானது, மேலே ஏறும், ஏறும்போது பின்னாலேயே காற்றை இழுக்கும். கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற ஆலையில் பார்த்திருப்பீர்கள், சக்கையை வாரி வாரி அடுப்பில் திணிப்பார்கள், கொப்பரைக்கு முன்னால் நிற்கிற ஆளுக்குப் புகை வராது, எல்லாம் அந்தக் கடைசியில் நிற்கிற உயரமான புகைபோக்கி இழுத்துக்கொள்ளும். உயரமும் சூடும்தான் இழுப்பு. ஆனால் வீட்டுக்கு வைக்கிற பத்தடிக் குழாயின் இழுப்பு எவ்வளவு தெரியுமா? இளநீர் உறிஞ்சும் குழலில் தண்ணீரை ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்றுகிற அளவு. அவ்வளவு நோஞ்சான். அதனால்தான் சின்னச் சின்ன விஷயமெல்லாம் அதைக் கவிழ்த்துவிடுகிறது.

கூண்டு கட்டுவது பழைய பங்களா வேலை. குன்னூர், ஏற்காடு பக்கம் குளிருக்குக் கணப்படுப்பு வைத்த வீடுகளில் பார்க்கலாம், கணக்கும் அதே கணக்குத்தான். அடுப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைபோக்கியின் உள்பரப்பு இருக்க வேண்டும். வாய் 3 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 6 சதுர அடி, அதில் பத்தில் ஒன்று சுமார் 86 சதுர அங்குலம், அதாவது உள்ளளவு 9-க்கு 9 வைத்தால்கூடக் கொஞ்சம் பற்றாது. எங்கள் கொத்தனாரிடம் இதைச் சொன்னபோது, "ஆறு இஞ்ச் பிவிசி பைப் போட்டாப் போதும்ங்க, எல்லா வீட்லயும் அப்படித்தான் வெக்கறோம்" என்றார். விறகுப் புகைக்கு பிவிசி! அது உருகி மூக்குச் சளி மாதிரித் தொங்கும், அதன் புகை விறகுப் புகையை விட விஷம். செங்கல்லில் கட்டினால் நன்றாக இருக்கும், நூறு வருசம் நிற்கும், ஆனால் செலவும் இடமும் அதிகம், திறந்த தீ என்பதால் விறகும் அதிகம் தின்னும். கிடாய் வெட்டுக்கு ஐம்பது பேருக்குச் சமைக்கிற பெரிய வீடு என்றால் கட்டுங்கள், ஆறு பேர் வீட்டுக்கு அது ஆடம்பரம்.

புகையில்லா அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1953-லேயே ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண்ணடுப்புக்குக் கணக்குப் போட்டு எழுதிவைத்துவிட்டார். 1980-களில் மத்திய அரசு இதையே திட்டமாக்கி ஊர் ஊராக வைத்தது, 2002 வரை ஓடியது. எங்கள் பெரியப்பா வீட்டிலும் ஒன்று வைத்தார்கள். இரண்டு வருசம் கழித்துக் குழாய் அடைத்துக்கொண்டது, யாரும் ஏறிக் குத்தவில்லை, பின்கண்ணில் பாத்திரம் வைக்காமல் திறந்தே போட்டதில் புகையெல்லாம் அந்த வழியாகவே வந்தது, கடைசியில் பெரியம்மா கடப்பாரையை எடுத்துக் குழாயைத் தட்டிவிட்டுப் பழைய அடுப்பாக்கிக்கொண்டார். அடுப்பு செய்த தப்பு அதில் ஒன்றுமில்லை. முன்கண்ணில் தீ, பின்கண்ணில் மிச்சச் சூடு, அதற்குப் பின்னால் 4 அங்குலக் குழாய், இதுதான் அமைப்பு. பின்கண்ணில் எப்போதும் ஒரு சட்டித் தண்ணீராவது உட்கார்ந்திருக்க வேண்டும், விறகை ஒரு முழத்துக்குள் வெட்டிப் போட வேண்டும். விறகு மிச்சம், புகை மிச்சம், ஆனால் சட்டியின் அடி கண்ணுக்குள் பொருந்தி உட்கார வேண்டும் என்பதால் அண்டா வைக்க முடியாது. அண்டாவுக்குத் தனி அடுப்பு, அதற்கு 6 அங்குலக் குழாய்.

ஃபேனுக்கும் கரண்டு சிம்னிக்கும் பிறகு நான் மூன்றாவதாகச் செய்தது இதுதான். வெல்டிங் பட்டறையில் ஜிஐ தகட்டில் குழாய் செய்து, தார்சில் ஓட்டை போட்டு ஏற்றினோம். பழைய திட்டத்தில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய்தான் வைத்தார்கள், அது வேண்டவே வேண்டாம், அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கிற தூள் நுரையீரலுக்கு எமன். முதல் நாள் பற்றவைத்தால் புகை முழுக்க வீட்டுக்குள். ஊதிப் பார்த்தோம், விறகை மாற்றினோம், குழாய்க்குள் எட்டிப் பார்த்தோம், ஆகாயம் வட்டமாகத் தெரிந்தது, அடைப்பு இல்லை. நான் பட்டறைக்காரருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து போய்ச் சுவரில் எதையோ அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் அடுப்பு வாயில் நின்ற புகை தயங்கி, உள்ளே திரும்பி, சுர்ரென்று குழாயில் ஏறியது. "அந்தப் பேனை நிறுத்துனாத் தானாப் போகுது கண்ணு" என்றார். கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டிருக்கிறோம், அது வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வர வேறு வழியில்லை, புகைபோக்கி வழியாக மேலிருந்து இழுத்திருக்கிறது. மாப்பிள்ளை, இதைக் கவனமாகக் கேளுங்கள்: ஒரே அறையில் கரண்டு சிம்னியும் விறகுப் புகைபோக்கியும் வைத்தால் இரண்டும் கயிறு இழுக்கும், கரண்டுதான் ஜெயிக்கும். தங்கச்சி ரெண்டும் வேணும் என்றால் ரெண்டு அறை வேண்டும்.

அடுத்து காற்று. நம் ஊரில் இதைப் பேசாமல் புகைபோக்கியைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனமில்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற மேல்காற்று (மேற்குக் காற்று) வைகாசியில் தொடங்கி ஆவணி வரை அடிக்கிறது, அதை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இறக்கையைச் சுற்றுகிற காற்று உங்கள் நோஞ்சான் குழாயை விட்டுவைக்குமா? ஆடி பிறந்ததும் எங்கள் குழாய் திரும்பவும் வீட்டுக்குள் புகைக்க ஆரம்பித்தது. காரணம் தேடி மாடி ஏறினால் எதிரே தண்ணித் தொட்டி. குழாயின் முனை தொட்டியை விடத் தாழ்வு. மேற்கே இருந்து வருகிற காற்று தொட்டியில் மோதி, தாண்டி, இந்தப் பக்கம் சுழன்று கீழே இறங்குகிறது, இறங்குகிற இடத்தில் நம் குழாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. விதி எளிது: கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், 10 அடிச் சுற்றுக்குள் தொட்டி, மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர் எது இருந்தாலும் அதை விட 2 அடி உயரம். பக்கத்தில் தென்னை இருந்தால் அதற்கு மேலே போக முடியாது, தள்ளித்தான் வைக்க வேண்டும். மழைக்குத் தொப்பி வைக்கும்போது குழாய் வாய்க்கும் தொப்பிக்கும் நடுவே குழாயின் அகலத்துக்காவது இடைவெளி விடுங்கள். பட்டறையில் ஒட்டின மாதிரி வைத்துக் கொடுத்துவிடுவார்கள், கழுத்தைப் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

காற்று நாளில் இன்னொரு வித்தை, இதுவும் அம்மா கண்டுபிடித்ததுதான். தூசி வருகிறது என்று மேற்குச் சன்னலை எல்லாம் சாத்திவிட்டுக் கிழக்குக் கதவைத் திறந்துபோட்டால் காற்று வீட்டுக்குள் இருக்கிற காற்றையும் கிழக்கே உறிஞ்சிக்கொண்டு போகிறது, புகை கீழே வருகிறது. மேற்குச் சன்னலை நாலு விரல் திறந்துவைத்தால் சரியாகிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடியுங்கள், புகை உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று தெரிந்த பிறகு விறகைப் பற்றவையுங்கள். மார்கழிக் காலையில் குழாய் சில்லென்று இருக்கும், உள்ளே இருக்கிற குளிர்காற்று கனத்து ஏற மறுக்கும். ஒரு காய்ந்த தென்னோலைக் கீற்றைச் சுருட்டிப் பற்றவைத்துக் குழாய் அடியில் அரை நிமிசம் காட்டினால் வழி திறந்துகொள்ளும். குன்னூரில் ஒரு வாடகை பங்களாவில் குடும்பத்தோடு தங்கியபோது கணப்படுப்பைப் பற்றவைத்து அறை முழுக்கப் புகைந்து எல்லோரும் வெளியே ஓடிவந்தோம். புகைபோக்கிக்குள் இருந்த இரும்புத் தடுப்பு மூடிக்கிடந்தது ஒன்று, யூகலிப்டஸ் விறகு நேற்று வெட்டின மாதிரி ஈரமாக இருந்தது இன்னொன்று.

விறகைப் பற்றி இரண்டு வார்த்தை. வெட்டி ஆறு மாசமாவது நிழலில் காற்றாட அடுக்கி வைத்த வெள்வேலும் சீமைக்கருவேலும் ராஜா. மட்டையும் பாளையும் மழையில் நனைந்து எடுத்தால் எரியாது, வெந்து புகையும். அந்தப் புகையில் இருக்கிற ஈரமும் தாரும் குளிர்ந்த குழாயில் பட்டு ஒட்டிக்கொள்ளும். எங்கள் குழாயின் வளைவு இணைப்பிலிருந்து ஒரு ஐப்பசியில் டிகாஷன் மாதிரி ஏதோ சொட்டியது, சுவரில் நீளமாகக் கோடு இழுத்தது, இன்றைக்கும் மேலே எத்தனை வெள்ளையடித்தாலும் பழுப்பாக வந்து நிற்கிறது. அது காய்ந்து கெட்டியானால் தீப்பிடிக்கும் சரக்கு. வெளிநாட்டில் கணப்படுப்பு வீடுகள் பற்றி எரிவதற்கு முக்கியக் காரணமே இதுதான். அப்புறம் திருப்பூர்ப் பனியன் வேஸ்ட்டை அடுப்புப் பற்றவைக்கிற பழக்கம். பருத்தி என்று நினைத்துப் போடுகிறோம், அதில் பாதி பாலியஸ்டரும் லைக்ராவும், எரிந்தால் பிசினாக ஒட்டும். பாலித்தீன் கவர் போடுகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

சுத்தம் செய்ய ஆள் தேட வேண்டாம். பழைய சீமாற்றின் அடிக்கட்டையைக் குழாய் அளவுக்கு நறுக்கி, நடுவில் கயிறு, கீழே ஒரு கல். மாடியிலிருந்து இறக்கி நாலு தடவை மேலும் கீழும் இழுத்தால் கொட்டிவிடும். கீழே குழாய் திரும்புகிற இடத்தில் வளைவுக்குப் பதில் T வடிவ இணைப்பு வைத்து, கீழ்வாய்க்கு மூடி போட்டிருந்தால் சாக்கைக் கட்டிக் கரியை வாங்கிக்கொள்ளலாம். தினமும் எரிகிற அடுப்புக்கு மாசம் ஒரு தடவை. நாள் கணக்கு மறந்துபோனால், உள்ளே ரெண்டு நாணயத்தை அடுக்கின தடிப்புக்குக் கரி வந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். போன சித்திரையில் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பற்றவைத்தால் புகை ஏறவில்லை, குத்திப் பார்த்தால் மைனா கூடு. வைக்கோல், நூல், ஒரு பால் கவர், அம்மாவின் காணாமல்போன ரவிக்கைக் கயிறு எல்லாம் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு தொப்பியைச் சுற்றி அரை அங்குலக் கண் வலை கட்டினேன். அதைவிடப் பொடிக்கண் வலை கட்டினால் கரியே அதை அடைத்துவிடும்.

இவ்வளவும் செய்து குழாய் நன்றாக இழுத்த பிறகும், கடைசியில் நாங்கள் அடுப்பை வெளியே கொண்டுபோய்விட்டோம். குழாய் தோற்றுப்போகவில்லை. ஆனால் விறகைத் தள்ளும்போதும் அணைக்கும்போதும் கொஞ்சம் புகை அறைக்குள் வரத்தான் செய்கிறது, தார்சு அறையில் அது போக நேரமாகிறது. அம்மா சொன்னதும் நியாயம்: "சாம்பல் அள்ளறது, வெறகு கொண்டாறது, தண்ணி சுமக்கறது எல்லாம் பொடக்காணிலதான், அடுப்பு மட்டும் எதுக்கு உள்ள?" கிழக்கு வாசலுக்கு எதிர்ப்படாமல், வீட்டுக்கு வடகிழக்கில் மேல்காற்று வீட்டுப்பக்கம் புகையைத் தள்ளாத இடமாகப் பார்த்து, மூன்று பக்கம் இடுப்புயரச் சுவர், மேலே சீமை ஓடு. அடுப்பு அதே ரெண்டு கண், பக்கத்தில் அண்டா அடுப்பு, உள்ளே இருந்து கழற்றிய அதே குழாய்கள். தென்னங்கீற்று வேய்ந்த சாளையில் இதை வைக்கக் கூடாது, ஒரு பொறி போதும். மரச்சட்டத்துக்கும் குழாய்க்கும் ஒன்றரை அடி இடைவெளி விட்டோம்.

வெளியே இருந்தால் குழாயே எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அடுப்புக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வெளியென்ன உள்ளென்ன, புகை மூக்குக்கு நேராகத்தானே வருகிறது. குழாய் இருக்கட்டும். மிச்சத் தணலை மட்டும் சட்டியில் அள்ளி, குளிருக்கு என்று அறைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அறையைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தக் கரி வாயுவுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாசமும் கிடையாது, கண்ணெரிச்சலும் கிடையாது.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. உள்ளே கேஸ் அடுப்பு, அதற்கு மேலே வெளிக்குழாய் வைத்த கரண்டு சிம்னி, குழாய் கிழக்குச் சுவரில் வெளியேறட்டும், மேற்கில் விட்டால் ஆடியில் அதன் மூடி படபடவென்று அடித்துக்கொண்டு புகையைத் திருப்பி அனுப்பும். விறகு அத்தை சொல்கிற மாதிரி பொடக்காணியில். கொத்தனார் புகைக்கூண்டுக்குக் கேட்ட காசில் கால்வாசியில் அந்தக் கொட்டகையும் குழாயும் முடிந்துவிடும். இடமில்லை, சுற்றிலும் வீடு, உள்ளேதான் வைக்க முடியும் என்றால் மட்டும் தனி அறை, ரெண்டு கண் அடுப்பு, குழாய். அந்த அறையில் ஃபேன் பாயிண்ட் வைக்கவே வைக்காதீர்கள்.

எதுவானாலும் தார்சுக்குக் கம்பி கட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள். தண்ணித் தொட்டி எந்த மூலையில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஓட்டைக்குக் குறி போட வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு டிரில் வைத்து உடைத்ததில் எங்கள் வீட்டுச் சமையக்கட்டு ரெண்டு மழைக்கும் ஒழுகியது, வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.